இணைப்பு விற்பனைத் திட்டங்களில் இடம்பெறுவது எப்படி? இணையத்தளம் நடத்துவோருக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூரு நகர மாவட்டத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டி அமைந்துள்ளது ஆனேக்கல் வட்டம். பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற பழைய ஊர் ஒருபுறம். பொம்மசந்திரா, ஜிகினி, அத்திப்பள்ளி ஆகிய தொழிற்பேட்டைகள் மறுபுறம். எல்லையைத் தாண்டினால் ஓசூர். 2025 ஆகஸ்ட் மாதத்தில் பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை வந்து சேர்ந்தது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கும் இப்பகுதியில், மாதச் சம்பளத்துடன் சிறிது கூடுதல் வருமானமும் வேண்டும் என்று எண்ணும் குடும்பங்கள் பல. கையில் ஒரு கணினியும் இணைய இணைப்பும் இருந்தால், சொந்தமாக ஓர் இணையத்தளம் தொடங்கி, அதன் வழியே பொருள்களைப் பரிந்துரைத்துக் கமிஷன் பெறலாம் என்ற செய்தி அவர்களையும் எட்டுகிறது.

இச்செய்தி உண்மையே. ஆயினும் அதில் பாதிதான் பலருக்கும் சொல்லப்படுகிறது. விண்ணப்பித்த எல்லோரையும் இத்திட்டங்கள் ஏற்றுக்கொள்வதில்லை. ஏற்றுக்கொண்டவர்களையும் எப்போதும் வைத்துக்கொள்வதில்லை. விண்ணப்பம் ஏன் நிராகரிக்கப்படுகிறது, அதைத் தவிர்ப்பது எவ்வாறு, வருமானம் வந்தால் வங்கியிலும் வரித்துறையிலும் கவனிக்க வேண்டியவை எவை என்பவற்றை இக்கட்டுரையில் வரிசையாகக் காண்போம்.

திட்டம் செயல்படும் முறை

ஆங்கிலத்தில் ‘அஃபிலியேட் மார்க்கெட்டிங்’ எனப்படும் இம்முறையை இணைப்பு விற்பனை என்று கூறலாம். ஒரு விற்பனை நிறுவனம், உங்களுக்கென்று ஒரு தனி அடையாளக் குறியீட்டை வழங்குகிறது. அக்குறியீடு பொருந்திய இணைப்பை உங்கள் தளத்தில் இடுகிறீர்கள். அதை அழுத்திச் சென்ற வாசகர் குறிப்பிட்ட காலத்துக்குள் பொருளை வாங்கினால், விலையில் ஒரு பங்கு உங்களுக்குக் கமிஷனாகக் கிடைக்கிறது. வாங்குபவர் கூடுதலாக எதுவும் செலுத்துவதில்லை.

அமெரிக்காவில் இசைத்தட்டுகளை விற்ற சிடி-நவ் நிறுவனம் 1994இல் இத்தகைய திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அமேசான் நிறுவனம் தனது ‘அசோசியேட்ஸ்’ திட்டத்தை 1996 ஜூலையில் அறிமுகப்படுத்தியபோது இம்முறை உலகெங்கும் பரவியது. இந்தியாவில் இணைய வணிகத்தின் வரலாறு பெங்களூருவோடு பிணைந்தது. 2007இல் புத்தக விற்பனையில் தொடங்கிய ஃபிளிப்கார்ட் இந்நகரில் பிறந்ததே. 2013 ஜூனில் இந்தியச் சந்தைக்குள் நுழைந்த அமேசானும் தனது இந்தியத் தலைமையகத்தை இங்கேயே அமைத்துக்கொண்டது. இன்று வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், பயண முன்பதிவுத் தளங்கள், இணையத்தள வாடகை நிறுவனங்கள் எனப் பலவும் இத்தகைய திட்டங்களை நடத்துகின்றன.

விற்பனையாளரின் நிலையிலிருந்து இதைப் பார்த்தால், நிராகரிப்பின் காரணம் தெளிவாகும். தமது பெயரைத் தாங்கிய இணைப்பு, தாம் அறியாத ஒருவரின் தளத்தில் இடம்பெறுகிறது. அத்தளம் பொய் சொன்னால் கெடுவது நிறுவனத்தின் பெயர். ஆகவே, விண்ணப்பத்தைப் பார்ப்பவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இத்தளத்தை உண்மையான மனிதர்கள் தங்கள் தேவைக்காகத் தேடி வருவார்களா?

தளம் முதலில், விண்ணப்பம் பிறகு

பெரும்பாலான நிராகரிப்புகளுக்குக் காரணம், தளம் முழுமை பெறும் முன்பே விண்ணப்பிப்பதுதான். தலைப்பு மட்டும் இருந்து உள்ளே ஒன்றுமில்லாத பக்கங்கள், ‘விரைவில் வெளிவரும்’ என்ற அறிவிப்பு, பிற தளங்களிலிருந்து படியெடுத்த கட்டுரைகள், இயந்திர மொழிபெயர்ப்பில் பொருள் சிதைந்த வாக்கியங்கள் ஆகியவற்றைக் கண்டவுடன் பரிசீலிப்பவர் விண்ணப்பத்தை ஒதுக்கிவிடுவார். சொந்தமாக எழுதப்பட்ட சுமார் 10 கட்டுரைகளாவது தளத்தில் இருக்க வேண்டும், அவை அண்மையில் வெளியானவையாகவும் எவரும் தடையின்றிப் படிக்கக்கூடியவையாகவும் இருக்க வேண்டும் என்பது அமேசானின் அறிவுரை. கடவுச்சொல் இட்டுப் பூட்டிய பக்கங்களும் மூடிய குழுக்களும் இதில் சேரா.

எதைப் பற்றி எழுதுவது? இங்குதான் ஆனேக்கல் போன்ற ஊரில் வாழ்வோருக்கு ஓர் அனுகூலம் உண்டு. எல்லாப் பொருள்களையும் பற்றி எழுதும் தளங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றோடு புதியவர் போட்டியிட இயலாது. தாம் அன்றாடம் அறிந்த ஒரு துறையைப் பற்றி எழுதுபவருக்குப் போட்டி குறைவு.

எடுத்துக்காட்டாக, ஆனேக்கல்லிலிருந்து ஜிகினியில் உள்ள தொழிற்சாலைக்கு நாள்தோறும் இரு சக்கர வாகனத்தில் செல்லும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். மழைக்காலத்தில் எந்த மழைச்சட்டை தையல் வழியே நீரை உள்ளே விடுகிறது, எந்தத் தலைக்கவசத்தின் கண்ணாடியில் பனி படிகிறது, எட்டு மணிநேரம் நின்று வேலை செய்பவரின் பாதுகாப்புக் காலணி எத்தனை மாதத்தில் அடி தேய்கிறது என்பவையெல்லாம் அவர் பட்டறிந்தவை. இந்தியாவில் விற்கப்படும் இரு சக்கர வாகனத் தலைக்கவசத்தில் ஐஎஸ்ஐ முத்திரை 2021 ஜூன் முதல் கட்டாயம். அதற்குரிய தர அளவு ஐஎஸ் 4151. முத்திரையை எங்கே தேடுவது, அளவு சரியா என்பதை எவ்வாறு சோதிப்பது என்று தாமே எடுத்த படங்களுடன் அவர் தமிழில் எழுதினால், அக்கட்டுரையை நாடி வாசகர் வருவர். பட்டுச் சேலையைப் பூச்சியரிக்காமல் பேணுவது, கேழ்வரகு அரைக்கும் சிறு இயந்திரம், மாடித்தோட்டத்துக்கான பைகள் என்று இவ்வகையில் பொருள்கள் பல.

தமிழில் எழுதுவது ஒரு குறை ஆகாது. கூகுள் நிறுவனம் தனது ‘ஆட்சென்ஸ்’ விளம்பரச் சேவையில் 2018ஆம் ஆண்டிலேயே தமிழைச் சேர்த்துக்கொண்டது. அமேசானின் இந்தியத் தளம் 2020 முதல் தமிழிலும் இயங்குகிறது. எனினும், ஒவ்வொரு திட்டமும் எந்தெந்த மொழித் தளங்களை ஏற்கிறது என்பதை அதன் விதிகளில் பார்த்துக்கொண்டு விண்ணப்பிப்பதே முறை.

கட்டுரைகளுடன் வேறு நான்கு பக்கங்களும் தளத்தில் இருத்தல் வேண்டும். தளத்தை நடத்துபவர் யார் என்று கூறும் அறிமுகப் பக்கம். வாசகர் தொடர்புகொள்ள உதவும் பக்கம். வாசகரின் தகவல்களை எவ்வாறு கையாளுகிறீர்கள் என்று விளக்கும் தனியுரிமைக் கொள்கை. கமிஷன் பெறுவதை வெளிப்படையாகக் கூறும் அறிவிப்பு. மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டுவிட்ட நிலையில், மூன்றாவது பக்கத்தைச் சடங்காகக் கருதுதல் கூடாது.

விண்ணப்பத்தை நிரப்பும்போது

விண்ணப்பத்தில் பெயர், முகவரி, பான் எண், வங்கிக் கணக்கு ஆகிய விவரங்கள் கேட்கப்படும். தளத்தின் பொருள் என்ன, வாசகர் எவ்வழியாக வருகின்றனர் என்ற கேள்விகளும் இருக்கும். இவற்றுக்கு ஒரு சொல்லில் விடையளிப்பது பலர் செய்யும் தவறு. ‘பொருள்கள்’ என்று எழுதுவதைவிட, ‘தொழிற்பேட்டைகளில் பணிபுரிவோருக்கான பாதுகாப்புப் பொருள்கள் பற்றிய தமிழ்க் கட்டுரைகள், வாசகர் பெரும்பாலும் தேடுபொறி வழியே வருகின்றனர்’ என்று எழுதினால் பரிசீலிப்பவருக்கு நம்பிக்கை பிறக்கும். வாசகர் எண்ணிக்கையை மிகைப்படுத்திக் கூற வேண்டாம். சிறிய தளம் என்பதற்காக மட்டும் நிராகரிக்கும் திட்டங்கள் குறைவு. பொய் கூறியதற்காகக் கணக்கை மூடும் திட்டங்கள் மிகுதி.

தளத்தின் முகவரியில் விற்பனை நிறுவனத்தின் பெயரைச் சேர்ப்பதும் நிராகரிப்புக்குக் காரணமாகும். வணிகப் பெயர் அவர்களுடைய உடைமை. விண்ணப்பிப்பவர் 18 வயது நிறைந்தவராக இருத்தலும் இன்றியமையாதது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது.

ஏற்பு என்பது முதற்படி

அமேசான் திட்டத்தில் பலரும் அறியாத ஒரு விதி உண்டு. விண்ணப்பித்தவுடன் குறியீடு கிடைத்துவிடுகிறது. இணைப்புகளை அன்றே இடலாம். அதனாலேயே, ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டோம் என்று பலர் எண்ணிவிடுகின்றனர். உண்மையில், 180 நாள்களுக்குள் தகுதியுள்ள 3 விற்பனைகளாவது நிகழ வேண்டும். அதன் பின்னரே தளம் முறையாகப் பரிசீலிக்கப்படுகிறது. நிகழாவிடில் கணக்கு மூடப்படும். தளத்தைச் செம்மைப்படுத்தி மீண்டும் விண்ணப்பிக்கத் தடையில்லை.

இந்த 3 விற்பனைகளை எட்டுவதற்காகத் தமது இணைப்பின் வழியே தாமே வாங்குவதும், உறவினரை வாங்கச் செய்வதும் விதிக்குப் புறம்பானவை. அவை கணக்கில் சேர்வதில்லை என்பதோடு, கணக்கு மூடப்படவும் காரணமாகலாம். ஆகவே, 180 நாள் கடிகாரம் ஓடத் தொடங்கும் முன்பே தளத்துக்கு ஓரளவு வாசகர் வருவதை உறுதிசெய்துகொண்டு விண்ணப்பிப்பது நலம். தளம் தொடங்கிய நான்காம் நாள் விண்ணப்பிப்பவரைவிட, நான்காம் மாதம் விண்ணப்பிப்பவருக்கு வாய்ப்பு அதிகம்.

ஏற்கப்பட்ட பின்னரும் சில கட்டுப்பாடுகள் தொடரும். இணைப்புகளை மின்னஞ்சலிலும் அச்சிட்ட துண்டறிக்கையிலும் இடலாகாது. இணைப்பு எங்கே இட்டுச் செல்கிறது என்பதை மறைக்கலாகாது. விற்பனைத் தளத்திலுள்ள வாடிக்கையாளர் கருத்துகளையும் படங்களையும் படியெடுத்து இடலாகாது. பொருளின் விலையைக் கையால் எழுதி வைக்கலாகாது. விலை அடிக்கடி மாறுவதால், நிறுவனம் வழங்கும் கருவியின் வழியே மட்டுமே அதைக் காட்டலாம். இணைப்பை அழுத்துமாறு பணமோ பரிசோ தந்து தூண்டலாகாது. இவ்விதிகள் அவ்வப்போது திருத்தப்படுபவை; விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையிலுள்ள ஒப்பந்தத்தை முழுமையாகப் படித்த பின்னரே ஒப்புதல் அளியுங்கள்.

வாசகருக்கு நாம் செலுத்த வேண்டிய நேர்மை

கமிஷன் கிடைக்கும் என்பதை மறைத்து ஒரு பொருளைப் புகழ்வது, திட்ட விதிகளை மட்டுமன்றிச் சட்டத்தையும் மீறுவதாகும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ், தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுப்பதற்கான வழிகாட்டு நெறிகள் 2022 ஜூனில் வெளியிடப்பட்டன. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, இணையத்தில் பொருள்களைப் பரிந்துரைப்போருக்கெனத் தனிக் கையேடு வெளியிட்டது. பரிந்துரை எம்மொழியில் உள்ளதோ, அம்மொழியிலேயே அறிவிப்பும் இருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. தமிழ்க் கட்டுரையின் அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரியைச் சிறிய எழுத்தில் இடுவது போதாது என்பது இதனால் விளங்கும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு ரூ.10 லட்சம் வரையும், மீண்டும் செய்தால் ரூ.50 லட்சம் வரையும் தண்டம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

‘இப்பக்கத்திலுள்ள இணைப்புகள் வழியே நீங்கள் வாங்கினால் எங்களுக்குக் கமிஷன் கிடைக்கும், உங்களுக்குக் கூடுதல் செலவு இல்லை’ என்று கட்டுரையின் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள். தலைக்கவசம் பற்றிய கட்டுரையை நம்பி ஒருவர் தம் மகனுக்கு ஒன்று வாங்குகிறார் என்றால், அதில் அடங்கியுள்ள பொறுப்பு கமிஷன் தொகையைவிடப் பன்மடங்கு பெரிது.

எவ்வளவு வருமானம் எதிர்பார்க்கலாம்?

கமிஷன் விகிதம் நிறுவனத்துக்கு நிறுவனம், பொருளுக்குப் பொருள் வேறுபடும். ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். மாதம் 1,000 பேர் தளத்துக்கு வருகின்றனர். அவர்களில் 50 பேர் இணைப்பை அழுத்துகின்றனர். இருவர் தலா ரூ.1,500 மதிப்புள்ள பொருளை வாங்குகின்றனர். கமிஷன் 5 விழுக்காடு எனில், அம்மாத வருமானம் ரூ.150. தளத்தின் முகவரிக்கும் இட வாடகைக்கும் ஆண்டுக்கு ரூ.3,000 செலவாகிறது எனக் கொண்டால், மாதச் செலவு ரூ.250. அதாவது, இந்நிலையில் மாதம் ரூ.100 நட்டம். வரவும் செலவும் சமமாவதற்கே ஏறத்தாழ 1,700 வாசகர் தேவை.

அமேசான் திட்டத்தில், இணைப்பை அழுத்திய 24 மணிநேரத்துக்குள் வாசகர் பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற வரையறையும் உண்டு. பொருள் திருப்பி அனுப்பப்பட்டால் கமிஷனும் திரும்பப் போகும். ஒரு மாதத்தின் கமிஷன், அம்மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாள்கள் கழித்தே கைக்கு வரும். இவற்றையெல்லாம் கருதும்போது, இவ்வருமானத்தை நம்பி மாதத் தவணை கட்ட வேண்டிய கடன் வாங்குவது அறிவுடைமை ஆகாது. ‘இணையத்தில் சம்பாதிக்கும் வழியைக் கற்றுத் தருகிறோம்’ என்று பல்லாயிரம் ரூபாய் கட்டணம் கேட்கும் பயிற்சிகளுக்காகத் தனிநபர் கடன் பெறுவதையும் தவிர்த்தல் நலம். தேவையான விதிகள் அனைத்தும் அந்தந்த நிறுவனத்தின் தளத்திலேயே கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

வங்கிக் கணக்கும் வரியும்

பான் அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு, விண்ணப்பம் ஆகிய நான்கிலும் பெயர் ஒரே விதமாக எழுதப்பட்டிருக்கட்டும். தந்தையின் பெயரை முதலெழுத்தாக இடும் நம் வழக்கத்தால், ஓர் ஆவணத்தில் முதலெழுத்தும் மற்றொன்றில் முழுப்பெயரும் இருப்பதுண்டு. இவ்வேறுபாட்டால் தொகை வந்து சேராமல் நின்றுவிடக்கூடும். விண்ணப்பிக்கும் முன் உங்கள் கிளையில் தக்க ஆவணங்களைக் கொடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள். வருமானம் வளர்ந்து, வணிக வரவு செலவு மிகுந்தால், தனியே ஒரு நடப்புக் கணக்கு தொடங்குவது கணக்கு வைத்தலை எளிதாக்கும்.

கமிஷன் தொகை வரிக்கு உட்பட்ட வருமானம். 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், 194எச் பிரிவின்படி கமிஷனில் பிடித்தம் செய்யப்படும் வரி 2024 அக்டோபர் 1 முதல் 5 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஆண்டுக்கு ரூ.15,000 என்றிருந்த வரம்பு 2025 ஏப்ரல் முதல் ரூ.20,000 ஆனது. பான் எண் தராதவருக்குப் பிடித்தம் 20 விழுக்காடு. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு உரியது என்பதால், பிரிவு எண்கள் மாறுவதையும் கவனத்தில் கொள்க. பிடித்தம் செய்த தொகை உங்கள் பெயரில் வரவு வைக்கப்பட்டுள்ளதா என்பதை 26ஏஎஸ் படிவத்தில் சரிபார்க்கலாம். மொத்த வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால், கணக்கைத் தாக்கல் செய்து அத்தொகையைத் திரும்பப் பெறலாம். சிறு வணிகர்களுக்குரிய உத்தேச வருமான முறை கமிஷன் வருமானத்துக்குப் பொருந்தாது. ஆகவே செலவுச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். சேவைகளால் வரும் மொத்த வருவாய் ஆண்டுக்கு ரூ.20 லட்சத்தைக் கடந்தால் ஜிஎஸ்டி பதிவும் தேவைப்படும்.

வெளிநாட்டு நிறுவனத்தின் திட்டத்தில் சேர்ந்தால், அத்தொகை அந்நியச் செலாவணியாக வரும். அது எதற்காக வந்தது என்பதைக் குறிக்கும் நோக்கக் குறியீட்டை வங்கி உங்களிடம் கேட்கும். ஒப்பந்தத்தின் படியையும் கமிஷன் அறிக்கையையும் கைவசம் வைத்திருந்தால் தாமதம் நேராது. அமெரிக்க நிறுவனமாயின், நீங்கள் அந்நாட்டு வரிதாரர் அல்லர் என்பதை அறிவிக்கும் டபிள்யூ-8பென் படிவத்தையும் நிரப்ப வேண்டியிருக்கும்.

போலிகளை இனங்காணுதல்

நேர்மையான இணைப்புத் திட்டம் எதுவும் சேர்வதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. ‘முன்பணம் செலுத்துங்கள், கமிஷன் இருமடங்காக வரும்’ என்றோ, ‘மூன்று பேரைச் சேர்த்துவிடுங்கள், அவர்கள் கட்டும் தொகையில் பங்கு தருகிறோம்’ என்றோ கூறுபவர் நடத்துவது வேறு தொழில். ஆள் சேர்ப்பதால் மட்டுமே பணம் வரும் சங்கிலித் திட்டங்கள், 1978ஆம் ஆண்டின் பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டத்தால் தடுக்கப்பட்டவை. பொருள் விற்பனையால் மட்டும் கமிஷன் வருவதே இணைப்பு விற்பனைக்கு அடையாளம்.

பெரிய நிறுவனங்களின் பெயரைச் சொல்லிக் குறுஞ்செய்தி வழியே அணுகி, முதலில் நூறு, இருநூறு ரூபாய் கொடுத்து நம்பவைத்து, பின்னர் ஆயிரக்கணக்கில் பறிக்கும் மோசடியும் நிகழ்கிறது. பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண்ணை இட வேண்டிய தேவை ஒருபோதும் இல்லை. ஒருமுறைக் கடவுச்சொல்லை எவருக்கும் தெரிவிக்காதீர்கள். ‘உங்கள் கணக்கில் எங்கள் கமிஷன் வந்து போகட்டும், ஒரு பங்கு தருகிறோம்’ என்று கேட்பவருக்குக் கணக்கை ஒருநாளும் இரவல் தராதீர்கள். மோசடிப் பணம் அதன் வழியே சென்றால், விசாரணையில் முதலில் நிற்பவர் கணக்குக்கு உரியவரே. ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால், தாமதமின்றி 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழையுங்கள்; உங்கள் கிளைக்கும் உடனே தெரிவியுங்கள். கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணத்தை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கிறது.

விண்ணப்பிக்கும் முன்

இறுதியாக, விண்ணப்பப் படிவத்தைத் திறக்கும் முன் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியவை: சொந்த எழுத்தில் 10 கட்டுரைகளேனும் உள்ளனவா? அறிமுகம், தொடர்பு, தனியுரிமை, கமிஷன் அறிவிப்பு ஆகிய பக்கங்கள் உள்ளனவா? நண்பரும் உறவினரும் அல்லாத வாசகர் வருகின்றனரா? கைபேசியில் தளம் தெளிவாகத் தெரிகிறதா? ஆவணங்களில் பெயர் ஒத்திருக்கிறதா? ஒப்பந்தத்தை முழுவதும் படித்தாயிற்றா?

இவை அனைத்துக்கும் ‘ஆம்’ என்ற விடை கிடைக்கும் நாளில் விண்ணப்பியுங்கள். ஒருவேளை நிராகரிப்புக் கடிதம் வந்தால், அதில் கூறப்பட்ட காரணத்தைப் படித்துத் திருத்திய பின் மறுபடியும் முயலுங்கள். சிறுசேமிப்பைப் போலவே, இவ்வருமானமும் மெல்லத்தான் வளரும். அவசரப்படாமல் அதைப் பேணுபவருக்கே அது நிலைக்கும்.